பாதயாத்திரையும் வழிச்சத்திரங்களும்

திருச்சிற்றம்பலம்

மெய்யன்பர்களே! மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் முறையாக வழிபடுதல் சைவர்க்குரிய கடமை என்பதை நாம் அறிவோம். இம்மூன்றும் ஓரூரில் இருக்க, நாம் வேறோரூரில் வாழ்கின்றோம். இடைப்பட்ட தொலைவைக் கடப்பதற்கு நம் முன்னோர்க்குக் கால்களே துணையாயின. அந்தக் கால்கள் நடந்த வழியை நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. திருத்தலத்தின் பெருமையைப் பேச எத்தனையோ தலபுராணங்கள் உள. ஆனால் வழியின் வரலாற்றைக் கேட்பார் மிகச் சிலரே. இத்திருவிழா நாளில், பாதயாத்திரை செய்தோர் எவ்வாறு நடந்தனர், எங்கே தங்கினர், அவர்களைத் தாங்கியவர் யாவர் என்பதைச் சிறிது ஆராய்ந்து, இன்று நடக்க விரும்புவோர் கைக்கொள்ளத்தக்க முறைகளையும் காண்போம்.

நாயன்மார் நடந்த நெறி

பெரிய புராணத்தை ஒரு யாத்திரை நூலாகவும் படிக்கலாம். நாவுக்கரசர் பெருமான் முதிய வயதிற் கயிலை நோக்கிப் புறப்பட்டு, கால் தேய்ந்தபின் கையால் ஊன்றியும், கையும் தேய்ந்தபின் மார்பினால் உந்தியும், பின்னர் உருண்டும் சென்ற வரலாறு நம் நெஞ்சை உருக்குவது. ஆளுடைய பிள்ளையாரைத் தந்தையார் சிவபாத இருதயர் தோளிற் சுமந்து சென்றார். திருநெல்வாயில் அரத்துறையை நெருங்கியபோது, பிள்ளையாரின் சிற்றடி வருந்துதலைப் பொறாத இறைவன் முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் அருளினான்.

இவற்றினும் நம் பொருளுக்கு நெருங்கியவை வேறு இரண்டு நிகழ்ச்சிகள். திருக்குருகாவூர் செல்லும் வழியில் சுந்தரரும் அடியார்களும் பசியாலும் நீர்வேட்கையாலும் வாடியபோது, இறைவன் ஓர் அந்தணராய் வந்து பந்தரிட்டுப் பொதிசோறும் தண்ணீரும் தந்தான். அவ்வாறே திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் நாவுக்கரசர் களைத்தபோது, பொய்கையும் சோலையும் அமைத்து, கட்டமுது கொடுத்து, உடன் நடந்து வழியும் காட்டினான். ஆண்டவன் திருக்கோயிலில் வீற்றிருப்பதோடு அமையாமல் வழிநடுவிற் பந்தரிட்டுக் காத்திருக்கின்றான் என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தும் உண்மை. ஆகவே நடப்பவர் செய்வது ஒரு தொண்டு என்றால், நடப்பவரைத் தாங்குபவர் செய்வது இறைவனே செய்து காட்டிய தொண்டு எனலாம்.

திங்களூர் அப்பூதி அடிகள் இதனை உணர்ந்தவர். தாம் கண்ணாற் காணாத நாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். தம் பெயரை அதில் அவர் எழுதவில்லை என்பது ஈண்டு நினைத்தற்குரியது. இளையான்குடி மாறனார், மழை பெய்யும் நள்ளிரவில் வந்த அடியார்க்காக, வயலில் விதைத்த நெல்லை வாரி வந்தும், வீட்டின் கூரையை விறகாக்கியும் அமுது படைத்தார். வருபவர் எந்நேரத்தில் வருவார் என்பது விருந்து ஏற்பவர் கையில் இல்லை அன்றோ?

திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் இரு திருமடங்களில் அடியார்க்கு அமுதூட்டினர். இறைவன் இருவர்க்கும் நாள்தோறும் படிக்காசு வழங்கினான். சம்பந்தர் மடத்தில் மட்டும் அமுது படைக்க நேரந் தாழ்ந்தது. காரணம் வினவியபோது, அவர் பெற்ற காசு வாசி உடையதாதலின் கடைக்காரர் அதனை மாற்றத் தாமதிக்கின்றனர் என்று தெரிந்தது. பிள்ளையார் இறைவனைப் பாடி வாசி தீர்ந்த நற்காசு பெற்றார். பசித்தவர்க்கு உரிய வேளையில் உணவு வரவேண்டும் என்பதற்காக ஞானக்குழந்தை திருப்பதிகம் பாடிற்று என்றால், அன்னசாலையின் ஒழுங்கு எத்துணை உயர்ந்தது என்பதை அறியலாம்.

வழியும் வழிக்குறியும்

புராணத்திலிருந்து கல்வெட்டுக்கு வருவோம். தமிழகத்தில் பெருவழிகள் பல இருந்தன. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூரில் இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது. தருமபுரிப் பகுதியிற் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லோ இன்னும் வியப்புக்குரியது. அது நாவற்றாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று எழுத்தில் அறிவிப்பதோடு நில்லாமல், இரண்டு பெருங்குழிகளையும் ஒன்பது சிறுகுழிகளையும் காட்டுகிறது. பெருங்குழி ஒன்று பத்தைக் குறிக்கும். சிறுகுழி ஒன்று ஒன்றைக் குறிக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும், இருளிற் கையால் தடவிப் பார்ப்பவரும் தொலைவை அறியும் பொருட்டுச் செய்த ஏற்பாடு இது. வழியமைத்தவர் மனத்தில் எளிய வழிப்போக்கர் இருந்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சாலையோரச் சுமைதாங்கிக் கல்லும் அத்தகையதே. இரு கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். பிறர் உதவியின்றித் தலைச்சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அது அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக இதனை நாட்டும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. இறக்காத சுமையோடு சென்றவளுக்காக, வழிச்செல்வோர் சுமை இறக்க ஓரிடம் அமைத்த அந்தக் குடும்பங்களின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள்.

1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள், சாலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழ் பெற்றார். மதுரைப் புகைவண்டி நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரமும், மக்கள் வாயில் வழங்கும் மங்கம்மாள் சாலை என்னும் பெயரும் அப்புகழுக்குச் சான்றாவன.

சேது வழியும் தஞ்சைச் சத்திரங்களும்

தென்னாட்டு யாத்திரைகளில் தலைசிறந்தது சேதுயாத்திரை. வடநாட்டார் காசியிலிருந்து கங்கை நீர் கொணர்ந்து இராமேசுவரத்து இறைவனுக்கு ஆட்டுவர். நம்மவர் சேதுவின் மணலை எடுத்துச் சென்று பிரயாகையிற் கரைப்பர். இவ்விரு சாராரும் சேரும் வழியாகத் தஞ்சையிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியே கடற்கரை அடைந்து, மணமேற்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் எனத் தெற்கே செல்லும் பாதை விளங்கிற்று. காடும் களரும் கடலோர மணலுமாகிய அப்பாதையிற் கள்வர் அச்சமும் இருந்தது. சேதுயாத்திரை செய்வோரைக் காக்கும் பொறுப்பை மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கத் தேவரிடம் அளித்தார் என்று சேதுநாட்டு வரலாறு கூறும். சேதுபதி என்னும் பட்டமே அக்கடமையை நினைவூட்டுகிறது.

தஞ்சை மராத்திய மன்னர் இவ்வழியில் தொடர்ச்சியாகச் சத்திரங்களை அமைத்தனர். அவற்றுட் பல, அரசகுலப் பெண்டிரின் பெயர் தாங்கியவை. நீடாமங்கலம் யமுனாம்பாள்புரம் எனப்பட்டது. இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக 1802இல் ஒரத்தநாட்டில் ஒரு பெருஞ்சத்திரம் எடுத்தார். அவ்வூர் முக்தாம்பாள்புரம் எனவும் வழங்கிற்று.

இம்மன்னரின் செயலொன்றை நாம் விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். 1799இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கும்பெனியார் கைக்குச் சென்றது. மன்னருக்குப் பட்டமும் கோட்டையும் மானியமுமே எஞ்சின. அந்நிலையில், 1801இல், அவர் தஞ்சையிலிருந்த கும்பெனி ரெசிடெண்டு பெஞ்சமின் டாரின் என்பாருக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டை இழந்த அரசர் அக்கடிதத்தில் வழிப்போக்கர்களுக்காக வழக்காடுகிறார். சத்திரங்களில் நடைபெறும் அறங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார்.

அவர் கூறுவனவற்றின் சாரம் இது: அந்தணர் முதல் தாழ்த்தப்பட்டோர் வரை எல்லா வழிப்போக்கர்க்கும், யோகி, சங்கமர், பைராகி முதலிய எல்லாத் துறவியர்க்கும் சோறு வழங்கப்படும். சமைத்த சோற்றை ஏலாதவர்க்கு அரிசியும் பிற பண்டங்களும் அளிக்கப்படும். நள்ளிரவில் மணி அடித்து, இதுவரை உண்ணாதவர் எவரேனும் உளரோ என்று கூவி அழைத்து, வந்தவர்க்கு உணவிடுவர். நோயுற்று மேலே நடக்க இயலாதவரைச் சத்திரத்திலேயே வைத்து, மருந்தும் தக்க உணவும் கொடுத்து, தேறும்வரை அன்போடு பேணுவர். குழந்தைகளுக்குப் பால் உண்டு. சத்திரத்தில் ஒரு பெண் மகப்பெற்றால் செலவையெல்லாம் சத்திரமே ஏற்கும். பேற்றுக்குப்பின் மூன்று மாதம் அவள் அங்கே தங்கலாம். இறந்தவர்க்கு அவரவர் மரபின்படி இறுதிக்கடன் செய்யப்படும். பெற்றோரை இழந்த வழிப்போக்கர் குழந்தைகளை ஆசிரியரிடம் ஒப்படைத்து, மூவேளை உணவும் உடையும் கல்வியும் அளிப்பர். நோய்க்கும் நச்சுக்கடிக்கும் மருத்துவர் இருப்பர்.

அன்பர்களே! நள்ளிரவில் ஒலித்த அந்த மணியை நாம் மறத்தலாகாது. உணவிடுதல் பலர் செய்யும் அறம். உண்ணாதவர் யார் என்று இருளில் தேடுதல் அதனினும் மேலான அறம்.

எனினும் வரலாற்றை முழுமையாகச் சொல்லுதல் வேண்டும். எல்லாச் சத்திரங்களும் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. இன்ன வகுப்பினர்க்கே என்று எழுதிவைத்த சத்திரங்கள் பல. அனைவர்க்கும் உணவிட்ட இடங்களிலும் பந்தி வேறு, கூடம் வேறு, கிணறு வேறு என்ற பிரிவுகள் இருந்தன. நெடுந்தொலைவு நடந்து வந்து, கோபுரத்தைக் கண்டு திரும்பியவர் எத்தனை பேர்! திருநாளைப்போவார் தில்லை எல்லையில் நின்று உருகிய வரலாற்றைப் பாடிப் பரவிய சமூகமே, அவர் வழிவந்தோரை வாயிலில் நிறுத்திற்று. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசமும், 1947ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தத் தடையை அகற்றின. இன்று ஒரு மடத்திலோ விடுதியிலோ யாத்திரிகரை இன்னார் என்று வினவி இடம் மறுப்பவர், திருக்குருகாவூரில் பந்தரிட்ட பெருமானின் அடியவர் ஆகார்.

புகைவண்டி வந்தபின்

1902இல் மண்டபம் வரை இருப்புப்பாதை வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை படகிற் கடலைக் கடந்த யாத்திரிகர் வண்டியிலிருந்தபடியே தீவை அடைந்தனர். 1988இல் சாலைப் பாலமும், 2025இல் புதிய இரயில் பாலமும் வந்தன. பல நாள் நடந்த வழி சில மணி நேரமாயிற்று. இது நன்மையே, முதியோரும் நோயாளரும் இராமநாதனைக் காணும் பேறு பெற்றனர். ஆனால் கடற்கரைச் சாலையில் நடப்பார் குறைந்தனர். சத்திரங்களின் அடுப்புகள் அணைந்தன. சில கட்டடங்கள் பள்ளிகளாகவும் மாணவர் விடுதிகளாகவும் பயன்பட்டு அறத்தைத் தொடர்ந்தன. வேறு சில மரம் முளைத்துச் சிதைந்தன.

அணையாத அடுப்புகளும் உண்டு. வடலூரில் வள்ளற்பெருமான் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகின்றது. நகரத்தார் 1863இல் காசியில் நிறுவிய சத்திரம் இன்றும் தமிழ் யாத்திரிகர்க்கு நிழலாகின்றது. தமிழகத் திருக்கோயில்களில் 2002இல் அன்னதானத் திட்டம் தொடங்கப்பெற்றது. நடப்பவரும் மறைந்துவிடவில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்போர் கூட்டம் ஆண்டுதோறும் சாலையை நிறைக்கின்றது. காவடி சுமந்து குன்றக்குடி வழியே செல்லும் நகரத்தார் யாத்திரை நெடுநாள் மரபுடையது. ஈழத்தின் வடபகுதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியாரும் உளர்.

நடப்போர் கைக்கொள்ள வேண்டியவை

இனி, பாதயாத்திரை மேற்கொள்ள எண்ணும் அன்பர்க்குச் சில சொல்வோம். 1830இல் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டு, பதினைந்து மாதங்களில் மீண்ட ஏனுகுல வீராசாமி என்பார், தம் யாத்திரைக் குறிப்பில் வழிநெடுகத் தங்குமிடத்தையும், தண்ணீரையும், கிடைக்கும் பண்டங்களையும் எழுதிச் சென்றார். பக்தியோடு இத்தகைய முன்னறிவும் யாத்திரிகர்க்கு வேண்டும் என்பதே அதனால் பெறும் பாடம்.

முதலாவது, ஆயத்தம். மாலையணியும் நாளுக்கு ஒரு திங்கள் முன்பிருந்தே நடந்து பழகுதல் நலம். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தொலைவைக் கூட்டுக. புதுச் செருப்பை யாத்திரையின் முதல் நாளில் அணிதல் கூடாது. நீரிழிவும் இதயநோயும் உடையோர் மருத்துவரைக் கலந்தே புறப்படுதல் வேண்டும். நீரிழிவினர்க்குக் காலில் உணர்வு குறைந்திருக்கக் கூடும். காயம் பட்டதே தெரியாது. அவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்று வேலவன் கேட்கவில்லை.

இரண்டாவது, சுமை. இரண்டு மாற்றுடை, துண்டு, போர்வை, ஒரு சிறு பாத்திரம், கைவிளக்கு, அன்றாட மருந்து ஆகியவை போதும். பெயர், உறவினர் தொலைபேசி எண், உண்ணும் மருந்து ஆகியவற்றைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தல் நன்று. முதல் நாள் இலேசாகத் தோன்றிய மூட்டை மூன்றாம் நாள் மலையாகும். சுமைதாங்கிக் கற்கள் இன்று அருகிவிட்டன என்பதை மறவற்க.

மூன்றாவது, நேரமும் சாலையும். விடியலில் தொடங்கி வெயில் ஏறுமுன் ஒரு பகுதியை முடித்து, நண்பகலில் நிழலில் இளைப்பாறி, வெயில் தாழ்ந்தபின் நடப்பதே பழைய முறை. நம் காலத்தில் இருளைக் காட்டிலும் ஊர்திகளே பேராபத்து. இருட்டு வேளையிற் சாலையில் நடந்த யாத்திரிகர்மீது வண்டி மோதிய துயரச் செய்திகளை ஆண்டுதோறும் படிக்கின்றோம். ஆதலின் எதிரே வரும் வண்டி கண்ணிற்படும்படி சாலையின் வலப்புறமாக, ஒருவர்பின் ஒருவராக நடக்க வேண்டும். இரவில் நடந்தே தீரவேண்டுமெனின், ஒளி பட்டு மின்னும் பட்டையை உடையிலும் பையிலும் ஒட்டிக்கொள்க. முன்னும் பின்னும் செல்வோர் விளக்கு ஏந்துக. சாலையோரத்தில் படுத்துறங்குதல் அறவே கூடாது.

நான்காவது, காலும் நீரும். இரவில் காலைக் கழுவி, விரலிடுக்கு ஈரமின்றித் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவுக. கொப்புளத்தின் தோலை உரிக்காமல் தூய துணியால் மூடிக் கட்டுக. தாகம் எடுக்குமுன்பே சிறிது சிறிதாக நீர் பருகுக. வெறும் நீரினும் உப்பிட்ட நீர்மோர் சிறந்தது. வயிற்றுப்போக்குக் கண்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் குடித்து, விரைவில் மருத்துவரை அடைக. தலைசுற்றலும் தடுமாற்றமும் தோன்றினால் அவரை உடனே நிழலில் கிடத்தி, உடலை ஈரத்துணியால் குளிர்வித்து, உதவி தேடுக. தளர்ந்தவரைத் தனியே விட்டுக் குழு முன்செல்லுதல் பெரும்பிழை. அன்று சத்திரம் நோயாளியைத் தேறும்வரை வைத்திருந்தது; இன்று அவருக்குச் சத்திரம் உடன் நடப்பவரே.

தங்குமிட ஒழுக்கம்

சத்திரம், மடம், விடுதி, பள்ளிக்கூடத் திண்ணை என எங்குத் தங்கினாலும் அது நம் வீடு அன்று. ஒருவர் நமக்காக விட்டுச்சென்ற அறம். எத்தனை பேர் வருகிறோம் என்பதை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்; அடுப்பில் உலை வைப்பவர்க்கு அது பேருதவி. பொழுது சாயுமுன் சென்று சேர்க. சுவரோரத்தையும் காற்று வரும் இடத்தையும் முதியோர்க்கும் குழந்தையோடு வந்தோர்க்கும் விடுக. பெண்களுக்கெனத் தனியிடம் வகுத்தபின்னரே ஆடவர் பாய் விரித்தல் வேண்டும். உண்ணக்கூடிய அளவே இலையில் வாங்குக. கிணற்றடியிலும் குழாயடியிலும் தூய்மை காக்க. வைகறையிற் புறப்படுவோர் மூட்டையை முதல்நாள் இரவே கட்டி வைத்து, உறங்குவோரை எழுப்பாமல் வெளியேறுக. படுத்த இடத்தைப் பெருக்கிவிட்டுச் செல்க. இயன்றதை உண்டியலில் இடுக. அது கட்டணம் அன்று; நமக்குப் பின் வருபவர்க்கு நாம் வைக்கும் அரிசி.

மற்றொன்று. நாம் நடந்து சென்ற வழியை நம்மைப் பார்த்தே உலகம் மதிப்பிடும். சாலையெங்கும் எச்சிற்றட்டும் நீர்ப்பொட்டலமும் கிடந்தால், அவ்வூரார் அடுத்த ஆண்டு பந்தலிட மனம் ஒப்புவரோ? பந்தல் இட்டவர் கையால் வாங்கி உண்டதை, அவர் காட்டும் கூடையில் போடுதலும் வழிபாட்டின் பகுதியே.

நடக்க இயலாதவர் வருந்த வேண்டுவதில்லை. நடப்பவர் வழியில் உங்கள் ஊர் இருக்குமாயின், ஒரு பானைத் தண்ணீரும், மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும், பெண்களுக்கு ஒரு கழிப்பிடமும், இரவில் எரியும் ஒரு விளக்கும் போதும். அப்பூதியடிகளின் திருத்தொண்டில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஊர்தோறும் சிதைந்து கிடக்கும் பழஞ்சத்திரங்களில் ஒன்றையேனும் இவ்விழா அன்பர்கள் கூடிச் செப்பனிட முன்வருவார்களாயின், இச்சொற்பொழிவின் பயன் அதுவேயாகும்.

நடப்பவர் நலமே சென்று நலமே மீள்க! அவரைத் தாங்குவோர் இல்லம் தழைக்க! உண்ணாதவர் ஒருவரும் இருளில் நில்லாதிருக்க!

திருச்சிற்றம்பலம்